நீலப் பெட்டிக்குள் மோர் இல்லை

தர்ஷினி, கவின், இதைச் சாப்பிட்டு முடித்த பிறகு படியுங்கள். சாப்பிட்டுக்கொண்டே படித்தால் அம்மா திட்டப்போவது உங்களை இல்லை, என்னை.

நான் வீடு வந்து சேர்ந்ததிலிருந்து திருவண்ணாமலைக் கதையைச் சொல்லச் சொல்லி இரண்டு பேரும் நச்சரிக்கிறீர்கள். வாயால் சொல்ல ஆரம்பித்தால் கவின் பாதியிலேயே சிரித்துக் கெடுத்துவிடுவான். அதனால் எழுதித் தருகிறேன். நான் படித்தது மூன்றாம் படிவம் வரைதான். பிழை இருந்தால் தர்ஷினி பென்சிலால் திருத்தலாம். சிவப்புப் பேனா வேண்டாம், மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

"எங்க அப்பா லேப்ல வேலை செய்யறார்" என்று கவின் பள்ளியில் பெருமையாகச் சொல்கிறான் என்று கேள்விப்பட்டேன். என்ன லேப் என்று யாரும் கேட்காதவரை அந்தப் பெருமை நிற்கும். நம் குடலைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற லேப் அது. எனக்கு அங்கே குழாய் கழுவுகிற வேலை, லேபிள் ஒட்டுகிற வேலை, பெட்டி கட்டுகிற வேலை. பெட்டிக்குள் என்ன இருக்கும் என்று நீங்கள் இதுவரை கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். மலம். மனிதர்களுடைய மலம். சிரித்து முடித்துவிட்டு அடுத்த பத்திக்கு வாருங்கள்.

நம் வயிற்றுக்குள் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கோடிக்கணக்கில் குடியிருக்கின்றன. நாம் சாப்பிடுவதில் மிச்சத்தைத் தின்று, நமக்கும் கொஞ்சம் நல்லது செய்கின்றன. நான்கு தலைமுறைக்கு முன்னால் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து கப்பலேறி மலாயாவில் ஈப்போ வந்தவர்களின் சந்ததி வயிற்றில் யார் குடியிருக்கிறார்கள், அந்த ஊரிலேயே தங்கிவிட்டவர்களின் சந்ததி வயிற்றில் யார் குடியிருக்கிறார்கள் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் லேபை நடத்துகிற டாக்டர் லிம்முடைய ஆசை. ஈப்போ பங்கு முடிந்துவிட்டது. திருவண்ணாமலைப் பங்கை எடுக்கத்தான் போனோம். டாக்டருக்குத் தமிழ் தெரியாது. பெட்டி கட்டவும் தெரிந்து தமிழ் பேசவும் தெரிந்த ஆள் வேண்டும் என்றபோது எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கும் அம்மாவுக்கும் நடந்த கல்யாணத்துக்குப் பிறகு அத்தனை பேர் என்னைத் திரும்பிப் பார்த்தது அன்றைக்குத்தான்.

முதல் நாள்

லாட்ஜில் பையை வைத்துவிட்டுப் பக்கத்து ஓட்டலில் இட்லி சாப்பிட்டோம். மூன்று சட்னி, ஒரு சாம்பார். கேட்கக் கேட்க வாளியோடு வந்து ஊற்றுகிறார்கள், அதற்குத் தனிக் காசு இல்லை. டாக்டர் லிம் நம்பாமல் ஆறு முறை கேட்டுப் பார்த்தார். டீ மட்டும் ஏமாற்றம். நம் ஊரில் இழுத்து ஆற்றுகிற தே தாரேக் ஒரு கிளாசில் அங்கே நான்கு பேர் குடித்துவிடுவார்கள். ஆனால் அந்தச் சின்னக் கிளாசின் நான்கு வாயும் நான்கு மிளகாய் மாதிரி சுருக்கென்று இருந்தது.

லேப் என்று டவுனை ஒட்டிய வேங்கிக்காலில் புதிதாகக் கட்டிய ஒரு வீட்டு மாடியில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். கலெக்டர் ஆபீசுக்கு வருகிற ஜனங்கள் டீ குடிக்கிற தெருவுக்குப் பின்னால். ஒரு உறையவைக்கும் பெட்டி, ஒரு மேசை, சோதனைச் சாமான்கள், அவ்வளவுதான். கீழ் வீட்டுக்காரர் ஏறி வந்து உறையவைக்கும் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ஐஸ்கிரீம் ஏஜென்சிங்களா?"

"இல்லீங்க, ஆராய்ச்சி."

"ஆராய்ச்சி பண்ணி ஐஸ்கிரீம் விப்பீங்களா?"

"விக்கமாட்டோம்லா" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது.

இரண்டாம் நாள்

மலையைச் சுற்றுகிற பாதையில் அடி அண்ணாமலை என்று ஒரு கிராமம். அங்கேதான் எங்களுக்கு வேலை. ஆட்டோக்காரர் திரும்பிப் பார்க்காமலே கேட்டார், "மலை சுத்தவா?" இல்லை என்றேன். "சாமி கும்பிடவா?" இல்லை. "பின்ன எதுக்குத்தான் வந்தீங்க?" உண்மையைச் சொன்னேன். அதற்குப் பிறகு அடி அண்ணாமலை வரும்வரை கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஊரில் எங்களுக்கு உதவியாக இருந்தது செல்வி என்கிற பெண். முந்தின நாளே வீடு வீடாகச் சின்ன டப்பா கொடுத்துவிட்டு, விடிந்ததும் போய் வாங்கிவருவாள். அவள் கூச்சப்பட்டு நான் பார்த்ததில்லை. தெருமுனையிலிருந்தே குரல் கொடுப்பாள்.

"சரசு அக்கா, ஆச்சா?"

"ஆச்சுடி, கத்தாத!"

அந்தச் சரசு அக்கா கொடுத்த டப்பாவைப் பார்த்து நான் திகைத்துப்போய்விட்டேன். மூடியில் மஞ்சள் தடவி, நடுவில் குங்குமப் பொட்டு. அன்றைக்கு வெள்ளிக்கிழமை. "புதுசா ஒரு பொருளு வெளிநாடு போவுது. வெறுமனே அனுப்பலாமா?" என்று அவர் கேட்டார். லேபிளில் எழுதியிருந்த பெயர் மஞ்சளில் கரைந்துபோயிருந்தது. டாக்டர் லிம்மிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் அந்த டப்பாவைப் படம் பிடித்து, "என் ஆராய்ச்சி வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் மரியாதை" என்றார்.

இதெல்லாம் சிரிப்பு. இனி கொஞ்சம் கவனமாகப் படியுங்கள்.

செல்வி வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி கனி என்று ஒரு பெண். பெயரை மாற்றித்தான் எழுதுகிறேன். கவின் வயசுதான், மூன்றாம் வகுப்பு. சில மாதமாக அடிக்கடி வயிற்று வலி. பள்ளியிலிருந்து வந்ததும் சுருண்டு படுத்துக்கொள்வாளாம். டவுனில் காட்டினதற்கு, குடலில் புண் இருக்கலாம், மயக்கம் கொடுத்துக் குழாய் விட்டுப் பார்த்துவிடலாம் என்று சொல்லி வருகிற திங்கட்கிழமைக்கு நாள் கொடுத்திருந்தார்கள். அவள் அப்பா ஏழுமலை, நிலத்தில் வேலை செய்கிறவர். அம்மா சுமதி இரண்டு வாரமாகத் தூங்காத முகத்தோடு இருந்தார்.

"குழாய் உள்ள போவும்போது கொழந்தைக்குத் தெரியுங்களா?" என்று என்னிடம் கேட்டார். எனக்கு என்ன தெரியும்? டாக்டர் லிம்மிடம் கேட்டேன்.

டாக்டர் எல்லாவற்றையும் விசாரித்தார். ரத்தம் போகிறதா, எடை குறைந்ததா, காய்ச்சல் வந்ததா என்று. இல்லை, இல்லை, இல்லை. பிறகு அவர் சொன்னதை இப்படித் தமிழில் சொன்னேன்: "குடல்ல புண்ணு இருந்தா, அதைச் சரிபண்ண ரத்தத்துல இருக்கிற காவல்காரங்க அங்க ஓடிவந்து கூடுவாங்க. அவங்க விட்டுட்டுப் போற ஒரு சத்து மலத்துல வெளிய வரும். கோயில் வாசல்ல செருப்பைப் பாத்தா உள்ள எவ்வளவு கூட்டம்னு தெரியுதில்லையா? அதுமாதிரி. செருப்பு கம்மியா இருந்தா உள்ள கூட்டம் இல்லைன்னு அர்த்தம். குழாய் விட வேண்டிய அவசியம் அநேகமா இருக்காது."

"செருப்பை மட்டும் எண்ணினாப் போதுமா?" என்றார் ஏழுமலை.

"போதும். அந்தச் சோதனைச் சாமான் எங்ககிட்டயே இருக்கு. ஒரு டப்பா குடுங்க, அன்னைக்கே சொல்லிடறோம்."

சுமதி கையெடுத்துக் கும்பிட்டார். பிரச்சினை ஒன்றே ஒன்றுதான். கனி கொடுக்க வேண்டும். கனியோ மூன்று நாளாகப் போகவில்லை.

அன்றைக்கு அந்தத் தெருவே அந்தப் பெண்ணுக்காக வேலை செய்தது. ஒருத்தர் வாழைப்பழம் கொண்டுவந்தார். ஒருத்தர் பப்பாளி. ஒருத்தர் வெந்நீர். போகிற வருகிற எல்லோரும் வாசலில் நின்று "ஆச்சா?" என்றார்கள். "ஆவல" என்று உள்ளேயிருந்து பதில் வரும். மாடு ஓட்டிப்போன ஒருவர் மாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டுவிட்டுப் போனார். கனி சுவரோரமாக உட்கார்ந்து எல்லோரையும் முறைத்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, உன் வயிற்றுக்குள் ஒரு ஊரே இருக்கிறது என்று ஆரம்பித்தேன்.

"அதுங்களுக்குப் பேரு இருக்குதா?"

"இருக்கு. ஆனா வாயில நுழையாது."

"வாயில நுழையாம வயித்துக்குள்ள மட்டும் எப்படிப் போச்சு?"

இதற்கு நான் டாக்டரைக் கேட்டேன். டாக்டர் அரை மணி நேரம் பதில் சொன்னார். கனி அதற்குள் தூங்கிவிட்டாள்.

மூன்றாம் நாள்

அன்று பௌர்ணமி. பௌர்ணமி என்றால் என்ன என்று எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். தெரியாது. நம் தைப்பூசக் கூட்டத்தை எடுத்து ஒரு மலையைச் சுற்றிக் கயிறு மாதிரிக் கட்டிவிட்டால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

சாயங்காலம் ஆறு மணிக்கு உறையவைக்கும் பெட்டி, சோதனைச் சாமான் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வண்டி சென்னைக்குக் கிளம்பிவிடும், நாங்கள் இரண்டு நாள் கழித்துத்தான். டாக்டர் வேங்கிக்காலில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். நான் மட்டும் காலையிலேயே நீலப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடி அண்ணாமலைக்கு வந்துவிட்டேன். பெட்டி நிறைய ஐஸ். உட்கார்ந்தேன். பத்து மணி, ஆகவில்லை. பன்னிரண்டு மணி, ஆகவில்லை. சுமதி எனக்குச் சாம்பார் சாதமும் அப்பளமும் போட்டார். வெட்கத்தைவிட்டு இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டேன். சாப்பிடத் தெரிந்த எனக்கு, அங்கே ஒரு குழந்தை எதற்காகத் திணறுகிறது என்று தெரியவில்லையே என்று இருந்தது.

இரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் வீட்டின் பின்பக்கத்திலிருந்து செல்வி கத்தினாள்.

"ஆயிடுச்சுண்ணா! ஆயிடுச்சு!"

தெருவில் யாரோ கைதட்டினார்கள். சத்தியமாகக் கைதட்டினார்கள். ஏழுமலை டப்பாவை இரண்டு கையாலும் ஏந்தி வந்து என்னிடம் கொடுத்தார். "அண்ணா, பத்திரம்" என்றார். நான் ஐஸுக்கு நடுவில் வைத்து மூடினேன்.

வெளியே வந்தால் ஆட்டோ இல்லை. மத்தியானத்திலிருந்து பாதையில் வண்டி எதையும் விடமாட்டார்களாம். மாதாமாதம் அந்த ஊரில் பௌர்ணமி பார்த்த செல்வி அதை மறந்துபோனாள், கனி கவலையில். "நடக்க வேண்டியதுதாண்ணா. கூட்டத்தோட போனீங்கன்னா டவுன் வந்துடும். அங்கேருந்து வேங்கிக்கால் திரும்பிக்கலாம்" என்றாள். ஏழுமலை கூட வருகிறேன் என்றார். குழந்தை அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. நான் கிளம்பிவிட்டேன்.

பிள்ளைகளே, உங்கள் அப்பா நடப்பதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். கடைக்குப் போய்த் திரும்பினாலே மூச்சு வாங்குகிற ஆள். கையில் பெட்டி. வெயில். முன்னால் ஜனம், பின்னால் ஜனம், எல்லோரும் வெறுங்கால். நான் மட்டும் சப்பாத்து.

"செருப்பு போட்டுக்கினு மலை சுத்தறீங்களே" என்று பக்கத்தில் ஒரு அம்மா.

"நான் சுத்தலீங்கம்மா. வேலையா போறேன்."

"வேலையா போறவரு எதுக்கு எங்ககூட சுத்தறீங்க?"

பெட்டியைக் கை மாற்றிக்கொண்டு நடையைக் கூட்டினேன்.

பாதையோரக் குபேர லிங்கக் கோயில் தாண்டியதும் கை மரத்துப்போயிற்று. ஒரு மரத்தடியில் பெட்டியை வைத்தேன். ஐஸ் எவ்வளவு இருக்கிறது என்று மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தேன். பாதிக்கு மேல் தண்ணீர். அது உருகினால் டப்பாவுக்குள் இருக்கும் உயிர்களில் சில வேகமாகப் பெருகி, எங்கள் ஆராய்ச்சிக் கணக்கே தப்பிப்போகும். மூடிவிட்டு நிமிர்ந்தேன்.

எனக்கு முன்னால் ஒரு வரிசை நின்றது.

அந்த ஊர் வழக்கம் எனக்கு யாரும் சொல்லவில்லை. பௌர்ணமியன்று பாதை நெடுகச் சாப்பாடு, சுண்டல், மோர், ரோஸ்மில்க் என்று புண்ணியத்துக்குக் கொடுக்கிறார்கள். மோர் கொடுக்கிறவர்கள் எல்லோரும் வைத்திருப்பது என்ன பெட்டி தெரியுமா? இதே நீலப் பெட்டி. ஒருவன் மரத்தடியில் நீலப் பெட்டியை வைத்து மூடியைத் திறந்தால் கேள்வியே இல்லை, வரிசையில் நிற்க வேண்டியதுதான். முன்னால் நின்ற அம்மா இரண்டு பாட்டிலை நீட்டினார்.

"சாமி, ரெண்டுலயும் புடிச்சுக் குடுங்க. கொழந்தைங்க பின்னாடி வருது."

"அம்மா, இது மோர் இல்லீங்க."

"ரோஸ்மில்க்கா?"

"அதுவும் இல்லீங்க."

"எதுவா இருந்தா இன்னா? குளுகுளுன்னு இருந்தாப் போதும்" என்றார் பின்னால் நின்றவர்.

வரிசை நீண்டுகொண்டே போனது. எதற்கு நிற்கிறோம் என்று தெரியாமலே வந்து நின்றார்கள். யாரோ ஒருவர் தானாகவே முன்வந்து, "வரிசையா வாங்க, தள்ளாதீங்க, எல்லாருக்கும் உண்டு!" என்று ஒழுங்குபடுத்த ஆரம்பித்துவிட்டார்.

"இல்லீங்க! யாருக்கும் இல்லைலா!" என்று கத்தினேன்.

அது தப்பாகப் போயிற்று. "யாருக்கும் இல்லைன்னா யாருக்கு வெச்சிருக்கீங்க? பெரிய மனுசங்களுக்கா?" என்று ஒரு குரல். "நாங்களும் நடந்துதான் வரோம்!" என்று இன்னொரு குரல். ஒரு கை பெட்டி மூடியைத் தொட்டது. நான் பெட்டிமேலேயே உட்கார்ந்துவிட்டேன். மணி மூன்றரை.

வேறு வழி இல்லை. எழுந்து நின்று, வாழ்க்கையில் முதல்முறையாக அத்தனை பேருக்கு முன்னால் பேசினேன்.

"அம்மா, ஐயா, கேளுங்க. இதுக்குள்ள இருக்கிறது ஒரு கொழந்தையோட மலம். அடி அண்ணாமலைப் பொண்ணு. டெஸ்டுக்கு எடுத்துட்டுப் போறேன். ஆறு மணிக்குள்ள வேங்கிக்கால் போகலைன்னா, அந்தக் கொழந்தைக்குத் திங்கட்கிழமை மயக்க மருந்து குடுத்துக் குழாய் விடுவாங்க. போயிட்டா, அநேகமா வேண்டாம். ஐஸ் வேற உருகிப் போச்சு."

மூடியைத் தொட்ட கை மெதுவாகப் பின்னால் போய், சேலையில் துடைத்துக்கொண்டது. பிறகு பாட்டில் நீட்டிய அம்மா சிரிக்க ஆரம்பித்தார். சாதாரணச் சிரிப்பு இல்லை. மரத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, "ஐயோ, நான் ரெண்டு பாட்டிலு கேட்டனே!" என்று சிரித்தார். வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் அந்த அம்மாவே திரும்பி, நம் ஊர்ச் சந்தைக்காரர்கள் தோற்றுப்போகிற குரலில் கூப்பிட்டார்.

"வழி வுடுங்கப்பா! கொழந்தை டெஸ்டு போவுது! ஐஸ் இருந்தா குடுங்க!"

அதற்குப் பிறகு நான் நடந்ததாகவே ஞாபகம் இல்லை. முன்னால் நான்கு பேர் வழி விலக்கிக்கொண்டு போனார்கள். பக்கத்தில் கோயில் அர்ச்சகர் வீட்டார் போட்டிருந்த பந்தலில் மோருக்கு ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் கூட்டம் அங்கே போய் நின்று விஷயத்தைச் சொன்னது. பந்தலில் இருந்த இளைஞர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன் கையில் இருந்த மோர் ஜாடியைப் பார்த்தார்.

"எல்லார் வயித்துலயும் இருக்கறதுதானே. தள்ளி வெச்சுத் திறங்கோ" என்றார். ஜாடியைத் தூரத்தில் வைத்துவிட்டு வந்து, கை முழுக்க நீட்டி, ஒரு கூடை ஐஸை ஒரே வீச்சில் உள்ளே கொட்டினார். ஒரு துண்டு எகிறி என் சட்டைக்குள் போயிற்று. அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே சுகம் அது.

அதற்குள் செய்தி என்னை முந்திக்கொண்டு ஓடியிருந்தது. இடுக்குப் பிள்ளையார் கோயிலில் ஒரு சந்து உண்டு, உடம்பைக் குறுக்கி ஊர்ந்து வெளியே வந்தால் வியாதி போகும் என்பார்கள். அங்கே நின்ற ஒருவர், "நீங்கதானா டெஸ்டு பெட்டி? பெட்டியோட ஒரு தடவ நுழைஞ்சு வந்துடுங்க, நல்லது" என்றார். என் வயிற்றைப் பார்த்தேன், சந்தைப் பார்த்தேன். மாட்டிக்கொண்டால் என்னை எடுக்கவே தனியாகக் குழாய் விட வேண்டியிருக்கும். கும்பிட்டுவிட்டு நடந்தேன்.

டவுன் நெருங்கியபோது மணி ஐந்து. கால் இரண்டும் என்னுடையது இல்லை. அப்போது எதிரில் ஒரு பேட்டரி வண்டி. பாதையில் கிடந்த தட்டும் டம்ளரும் அள்ளுகிற குப்பை வண்டி. ஓட்டிவந்த பெண் நிறுத்தினார். மஞ்சுளா என்று பெயர் சட்டையில் எழுதியிருந்தது.

"இன்னா, பெட்டியை இங்க கொட்டப் போறீங்களா?"

"இல்லீங்க" என்று அன்றைக்கு எத்தனையாவது முறையோ கதையைச் சொன்னேன்.

"ஏறுண்ணா. பௌர்ணமிக்கு எந்த வண்டியை நிறுத்தினாலும் குப்பை வண்டியை யாரும் நிறுத்த மாட்டாங்க."

"வாசனை ஒண்ணும் வராதுங்க, நல்லா மூடியிருக்கு" என்றேன் மரியாதைக்கு.

அவர் தன் வண்டியின் பின்பக்கத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "இத யாருகிட்ட சொல்றீங்க?" என்றார்.

குப்பைக்கு நடுவில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ராஜா மாதிரிப் போனேன். வேங்கிக்கால் திருப்பத்தில் பேட்டரி தீர்ந்துவிட்டது. இறங்கித் தள்ளினேன். மஞ்சுளா ஹார்ன் மட்டும் அடித்தார். "ஹார்னுக்கு மட்டும் சார்ஜ் கீது இன்னும்" என்றார்.

டாக்டர் லிம் தெருவிலேயே நின்றுகொண்டிருந்தார். எல்லாம் வண்டியில் ஏறியாகிவிட்டது. ஒரே ஒரு சோதனைச் சாமான் மட்டும் மாடி மேசையில். மணி ஐந்தே முக்கால். ஐஸ் இன்னும் மிதந்துகொண்டிருந்தது. டாக்டர் கையுறை மாட்டி வேலையை ஆரம்பித்தார். ஆராய்ச்சிப் பங்கை வண்டியில் இருந்த உறையவைக்கும் பெட்டிக்குள் வைத்தார். வண்டிக்காரர் கீழேயிருந்து கத்தினார். கீழ் வீட்டுக்காரர், "ஒரு பத்து நிமிசம் இருப்பா, இன்னாவோ முக்கியமா பாக்கறாங்க" என்று அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். கழுவின குழாய்களும் ஒட்டின லேபிள்களும் எத்தனையோ. அதில் ஒன்றுக்குக்கூட நான் இப்படி முடிவுக்காகக் காத்து நின்றதில்லை.

"செருப்பு" என்றார் டாக்டர் லிம். அவர் கற்றுக்கொண்ட முதல் தமிழ் வார்த்தை. பிறகு இரண்டாவது வார்த்தை. "கம்மி."

ஏழுமலைக்குப் போன் போட்டேன். "கம்மிங்க! கூட்டமே இல்லை!" என்றேன். சுமதி போனை வாங்கி, "நிஜமாவாண்ணா?" என்று ஐந்து முறை கேட்டார். ஐந்து முறையும் ஆமாம் சொன்னேன்.

நான்காம் நாள்

டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டோடு ஏழுமலை காலையிலேயே டவுன் டாக்டரைப் பார்த்தார். அவரும் நல்ல மனிதர். படித்துப் பார்த்துவிட்டு, குழாய் இப்போது வேண்டாம், மலச்சிக்கலுக்கு மருந்து கொடுத்துப் பார்ப்போம் என்று சொல்லிவிட்டார். மத்தியானம் நாங்கள் அடி அண்ணாமலைக்குப் போனபோது வடை, பாயசத்தோடு இலை போட்டிருந்தார்கள்.

டாக்டர் லிம் கனியின் பக்கத்தில் உட்கார்ந்தார். குடலில் புண் இல்லை, ஆனால் இவள் அடக்கி அடக்கி வைக்கிறாள், அதுதான் வலி, ஏன் என்று கேள் என்றார். கேட்டேன். கனி தலையைக் குனிந்துகொண்டாள். செல்வி கேட்டாள், சுமதி கேட்டார். கடைசியில் அவள் பாயசக் கிண்ணத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"ஸ்கூல் பாத்ரூம்ல தாழ்ப்பாள் இல்ல. மீனாதான் கதவைப் புடிச்சிப்பா. அவளுக்கு நான் புடிச்சிப்பேன். மீனா ஊரு மாறிப் போயிட்டா."

அவ்வளவுதான், பிள்ளைகளே. மயக்க மருந்து, குழாய், காவல்காரர்கள், செருப்பு, நான், பெட்டி, எல்லாவற்றுக்கும் காரணம் கதவைப் பிடித்துக்கொள்ள ஒரு சிநேகிதி இல்லாமல் போனது.

ஏழுமலை இலையிலிருந்து பாதியில் எழுந்தார். "ஒரு தாழ்ப்பாளா?" என்றார். "ஒரு தாழ்ப்பாளுக்காடி கண்ணு?" கையைக் கழுவிக்கொண்டு நேரே கடைக்குப் போனார். இரண்டு தாழ்ப்பாளோடு வந்தார், பக்கத்துக் கதவுக்கும் சேர்த்து.

கிளம்புகிற நேரத்தில் கனி என் சட்டையைப் பிடித்தாள்.

"மாமா, நீங்க குடுத்தீங்களா?"

"எதைம்மா?"

"இதைத்தான். டப்பால."

டாக்டர் லிம் என்ன கேட்கிறாள் என்றார். மாற்றிச் சொல்லியிருக்கலாம். அந்த நான்கு நாளில் ஒரு வார்த்தைகூட நான் மாற்றிச் சொன்னதில்லை. அப்படியே சொன்னேன். டாக்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு அவர் சொன்ன பதிலையும் நானேதான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது: "ஐம்பது தாண்டின எல்லோருக்கும் எங்கள் இடத்தில் மலம் எடுத்துத் தர ஒரு சின்னக் குழாய் கொடுப்போம். மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று பார்க்க. இவருக்கும் கொடுத்தோம். இரண்டு தீபாவளி போய்விட்டது. இவர் மட்டும் தரவே இல்லை."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"பயமா?" என்றாள் கனி.

உங்கள் தாத்தா குடல் புற்றுநோயில் போனார் என்று உங்களுக்குத் தெரியும். ரத்தம் போனதை, மூலவியாதிதான் என்று சொல்லி ஒரு வருஷம் மறைத்தார். அதனால்தான் நான் கொடுத்திருக்க வேண்டும். அதனால்தான் கொடுக்கவும் இல்லை.

"ஆமாம்மா" என்றேன்.

"ஒண்ணும் ஆவாது மாமா. ஒரு நாளைக்கு வெக்கமா இருக்கும். அப்புறம் எல்லாரும் கைதட்டுவாங்க."

லாட்ஜுக்குத் திரும்பியதும் டாக்டர் தன் பையிலிருந்து ஒரு குழாயை எடுத்து என் கையில் வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போனார்.

மறுநாள் காலை அவர் செல்வியோடு கோயிலுக்குக் கிளம்பிப்போனார். நான் லாட்ஜ் அறைக் கதவைச் சாத்தினேன். பாத்ரூமுக்குள் போய் அந்தக் கதவையும் தாழிட்டேன். எத்தனையோ வருஷமாக லேபிளில் மற்றவர்கள் பெயரை எழுதிய கை. வெளியே வந்து மேசையில் உட்கார்ந்து என் பெயரை எழுதினேன். வயது எழுதினேன். நேரம், காலை ஆறு ஐம்பது. மூடியை இறுகத் திருகி, கசிகிறதா என்று குழாயைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தேன்.